காவலுக்குக் காவல்



செஞ்சிக் கோட்டையை உங்களுள் பலர் நேரில் கண்டிருப்பீர்கள். காணாதவர்கள் படத்திலேனும் பார்த்திருப்பீர்கள். இராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்னும் மூன்று குன்றுகளையும் ஒருசேர வளைத்துக்கொண்டு ஏறத்தாழ 13 கிலோமீட்டர் நீளத்துக்கு அதன் மதில் ஓடுகிறது. 2025ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் யுனெஸ்கோ நிறுவனம் மராட்டியர் வரலாற்றோடு தொடர்புடைய 12 கோட்டைகளை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தபோது, தமிழ்நாட்டிலிருந்து அந்த வரிசையில் இடம்பெற்றது செஞ்சி ஒன்றே. பக்கத்து ஊராகிய அனந்தபுரத்தில் வாழ்பவன் என்ற முறையில் எனக்கு அதில் சற்றே பெருமை உண்டு என்பதை நான் மறைக்கப்போவதில்லை.

அந்தக் கோட்டையின் சரித்திரத்தில் இரண்டு நிகழ்ச்சிகளை அருகருகே வைத்துப் பாருங்கள். சிவாஜியின் மகன் இராஜாராம் செஞ்சியில் அடைக்கலம் புகுந்திருந்தபோது, ஔரங்கசீப்பின் தளபதி சுல்பிகர் கான் 1690இல் அதனை முற்றுகையிட்டான். கோட்டை அவன் கைக்கு வந்தது 1698இன் தொடக்கத்தில். முற்றுகை ஏறத்தாழ எட்டு ஆண்டுகள் நீடித்தது! அதற்குள் இராஜாராம் தப்பிச் சென்றுவிட்டான். இது முதல் நிகழ்ச்சி. இரண்டாவது, 1750 செப்டம்பரில் நடந்தது. புஸ்ஸி என்ற பிரெஞ்சுத் தளபதியின் படை இருட்டிய பிறகு மூன்று குன்றுகளின்மீதும் ஒரே சமயத்தில் ஏறியது. பொழுது விடிந்தபோது கோட்டை பிரெஞ்சுக்காரரிடம் இருந்தது. காலையில் அந்த மலைகளை அண்ணாந்து பார்த்த பிரெஞ்சு வீரர்களே, தாம் எப்படி ஏறினோம் என்று வியந்தார்களாம்.

இவற்றை வகுப்பில் சொல்லும்போதெல்லாம் யாரேனும் ஒரு மாணவன் எழுந்து, “மதில் அப்படியேதானே இருந்தது, ஐயா?” என்று கேட்பான். நல்ல கேள்வி. மதில் அப்படியேதான் இருந்தது. பீரங்கி, படைப்பயிற்சி, தலைமை ஆகியவற்றில் வேறுபாடுகள் இருந்தன என்பது உண்மையே. எனினும் என் கருத்தில், அந்த இரவில் ஒரு குன்றின் காவலர்க்கு மற்றொரு குன்றின் நிலை தெரிந்திருக்க வழியில்லை. இருட்டில் மறுகுன்று அமைதியாகத் தோன்றினால், அது பத்திரமாக இருக்கும் அமைதியா, வீழ்ந்துவிட்ட அமைதியா என்று எப்படி அறிவது?

இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள் இந்தக் கேள்வியே. ஆனால் அதைச் செஞ்சியோடு நிறுத்தாமல், இன்றைய கணிப்பொறிக் கூடங்கள் வரை கொண்டுசெல்ல விரும்புகிறேன். எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் பலர் இப்பொழுது சென்னையிலும் பெங்களூரிலும் மென்பொருள் நிறுவனங்களில் இராக்காவல் புரிகிறார்கள். கையில் ஈட்டியும் தீவட்டியும் இல்லை. அவர்கள் முன்னே ஒரு திரை இருக்கிறது, அவ்வளவே. நீங்களும் நாளை அந்த நாற்காலியில் அமரக்கூடும்.

காவற்காரன் விழித்திருக்கிறானா என்று அறிவதற்கு நம்மவர் கண்ட பழைய வழி, அவனைக் கூவச் செய்வது. பாராக்காரன் குரல் கொடுத்துக்கொண்டே தெருச் சுற்றினான். கஜானாவுக்குக் காவல் நின்ற சேவகன் மணிக்கொரு தடவை சேகண்டியை அடித்தான். சேகண்டி ஊருக்கு மணியை அறிவித்தது என்பது பாதிச் செய்தி. அடிப்பவன் உறங்கவில்லை என்று மேலதிகாரிக்கு அறிவித்தது மற்றப் பாதி. பன்னிரண்டு மணி அடித்து, ஒரு மணி அடிக்காமற் போனால், அந்த அடிக்காத மணியே எச்சரிக்கை. இந்த நுட்பத்தை நன்றாக மனத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். சத்தம் கேட்டால் ஆபத்து என்பது எல்லார்க்கும் விளங்கும். கேட்க வேண்டிய சத்தம் கேட்காவிட்டால் ஆபத்து என்பது, யாரேனும் கருத்தாக எண்ணிக்கொண்டிருந்தால்தான் விளங்கும்.

இங்கிலாந்தில் 18ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த ஜான் ஒயிட்ஹர்ஸ்ட் என்ற கடிகாரக் கம்மியர், இந்த எண்ணும் வேலையைக் கடிகாரத்தினிடமே ஒப்படைத்தார். அவர் செய்த காவற்கடிகாரத்தின் சுழலும் வட்டைச் சுற்றி முளைகள் இருந்தன. காவலன் குறித்த நேரத்தில் வந்து ஒரு பிடியை அழுத்தினால், அந்த நேரத்துக்குரிய முளை உள்ளே போகும். நேரம் தவறி வந்து அழுத்தினால் அது போகாது. காலையில் முதலாளி வந்து பார்க்கும்போது துருத்திக்கொண்டு நிற்கும் முளைகள், எந்தெந்த நேரத்தில் காவலன் வரவில்லை என்பதற்குச் சாட்சி. பிறகு 1855இல் ஜெர்மனி நாட்டு ஷ்வென்னிங்கன் என்னும் ஊரில் யோஹன்னஸ் பியூர்க் என்பவர் தோளில் மாட்டிச் செல்லும் காவற்கடிகாரத்தைச் செய்து விற்கத் தொடங்கினார். தொழிற்சாலையின் மூலைக்கு மூலை ஒரு சாவி சங்கிலியில் தொங்கும். காவலன் ஒவ்வொரு மூலைக்கும் போய் அங்குள்ள சாவியைக் கடிகாரத்தில் நுழைத்துத் திருப்ப வேண்டும். உள்ளேயுள்ள தாள் வட்டில் அந்தச் சாவிக்குரிய அடையாளம் பதியும். இவ்வகைக் கடிகாரங்கள் உலகின் பல பகுதிகளிலும் நெடுங்காலம் புழங்கின.

இதில் இரண்டு குறைகள் உண்டு. காவலன் நடந்தான் என்பதைத்தான் தாள் சொல்லும். பார்த்தான் என்பதைச் சொல்லாது. அன்றியும், காலையில் அந்தத் தாளை யாரேனும் எடுத்துப் பார்க்க வேண்டும். பாராமல் கட்டிப் பரணில் போட்டால், கடிகாரம் இருந்தும் இல்லாததற்குச் சமம். இந்த இரண்டு குறைகளும் நம் காலத்தில் எவ்வாறு மீண்டும் தலைகாட்டின என்பதைப் பின்னால் காண்போம்.

ரயிலில் இதே கருத்து இன்னும் ஒரு படி முன்னே போயிற்று. இந்திய ரயில்வே எஞ்சின்களில் ஓட்டுநரின் விழிப்பைச் சோதிக்கும் கருவி ஒன்று உண்டு. ஏறத்தாழ ஒரு நிமிடம் அவர் எந்தக் கருவியையும் தொடாவிட்டால் விளக்கு மின்னும். பிறகு ஒலி எழும். அதற்கும் அவர் பொத்தானை அழுத்தாவிட்டால் வண்டிக்குத் தானே பிரேக் விழும். காலையில் தாளைப் பார்ப்பதற்கு இங்கே ஒருவர் வேண்டியதில்லை. மௌனம் வந்தவுடன் செயல் வந்துவிடுகிறது.

இனிக் கணிப்பொறிக்கு வருவோம். 1988 நவம்பர் 2ஆம் தேதி அமெரிக்காவில் இராபர்ட் மாரிஸ் என்ற மாணவர் விடுத்த ஒரு சிறு நிரல், அக்காலத்து இணையத்தில் இருந்த ஏறத்தாழ 60,000 கணிப்பொறிகளுள் சுமார் 6,000ஐ முடக்கியது என்று கணக்கிட்டார்கள். அது நுழைந்தது புதுவழியில் அன்று. பலருக்கு முன்பே தெரிந்திருந்த ஓட்டைகள் வழியாகத்தான். அந்த இலையுதிர் காலத்திலேயே விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் பார்ட்டன் மில்லர் என்ற பேராசிரியர் ஒரு வேடிக்கையைக் கவனித்தார். இடியும் மழையுமான ஓர் இரவில், தொலைபேசிக் கம்பி வழியாகக் கணிப்பொறியோடு வேலை செய்துகொண்டிருந்தார். இடைஞ்சலால் கம்பியில் தாறுமாறான எழுத்துகள் கலந்தன. அவற்றை உண்ட நிரல்கள் பல தடுமாறி விழுந்தன. தாறுமாறான உள்ளீட்டை வேண்டுமென்றே கொட்டிப் பார்த்தால் நிரலின் பலவீனம் வெளிப்படும் என்பதை அதிலிருந்து அவர் கண்டார். அதுவே இன்று ஒரு பெருந்துறையாக வளர்ந்துவிட்டது.

1995இல் டான் பார்மர், வீட்ஸ வெனிமா என்னும் இருவர், வலைப்பின்னலில் உள்ள கணிப்பொறிகளைத் தட்டித் தட்டி ஓட்டை தேடும் கருவியொன்றை எல்லார்க்கும் இலவசமாக வெளியிட்டார்கள். அதற்கு அவர்கள் இட்ட பெயர் ‘சேட்டன்’. பெயரைக் கேட்டே பலர் அஞ்சினர். கள்ளனுக்குச் சாவிக்கொத்தைக் கொடுப்பதாகும் என்றனர். ஆனால் வீட்டுக்காரன் தன் கதவுகளைத் தானே ஒரு முறை ஆட்டிப் பார்ப்பதைக் குறை கூற முடியுமா? 1998இல் ரெனோ தெரேசான் என்ற பிரெஞ்சு இளைஞர் ‘நெசஸ்’ என்ற கருவியைக் கொண்டுவந்தார். இவ்வாறு துருவித் தேடும் சோதனையைத்தான் இத்துறையினர் ‘ஸ்கேன்’ என்கிறார்கள்.

இந்தச் சோதனை ஏன் நெடுநேரம் பிடிக்கிறது என்பதை ஒரு சிறு கணக்கால் காட்டுகிறேன். வலைப்பின்னலில் ஒரு முகவரிக்கு 65,535 வாயில்கள் உண்டு. 256 முகவரிகள் கொண்ட ஒரு சிறு வட்டாரத்தை எடுத்துக்கொண்டால், மொத்த வாயில்கள் 1 கோடியே 67 லட்சத்து 76 ஆயிரத்து 960. நொடிக்கு ஆயிரம் கதவுகளைத் தட்டினாலும் நாலரை மணி நேரத்துக்கு மேல் ஆகும். நிரலின் எழுத்துக்குள்ளேயே புகுந்து, வெளியிலிருந்து வரும் ஒரு சொல் எந்தெந்த வழியாக ஓடி எங்கே தீங்கு செய்யக்கூடும் என்று துருவும் சோதனையும் அப்படியே. மில்லர் முறைச் சோதனைக்கோ முடிவே இல்லை. நிறுத்தும் வரையில் நடக்கும்.

முன்காலத்தில் இத்தகைய சோதனையை எப்பொழுதேனும் ஒரு முறை செய்தார்கள். 2000க்குப் பின் மென்பொருள் செய்யும் முறையே மாறிற்று. கொஹ்சுகே கவகுச்சி என்ற ஜப்பானியர் சன் நிறுவனத்தில் பணியாற்றியபோது செய்த ‘ஹட்சன்’ என்னும் கருவி 2005இல் வெளிவந்தது. 2011இல் அதன் வழித்தோன்றல் ‘ஜென்கின்ஸ்’ என்ற பெயர் பெற்றது. ஒருவர் நிரலில் ஒரு வரியை மாற்றினாலும், அது தொகுத்தல், சோதித்தல், வெளியிடுதல் என்று மடைக்கு மடை தானே பாய்ந்து செல்லும். இதனைப் ‘பைப்லைன்’ என்பார்கள். நம் ஊரார்க்கு வாய்க்கால் என்றால் போதும். அந்த வாய்க்காலின் ஒரு மடையில் பாதுகாப்புச் சோதனையும் அமர்ந்தது. மற்ற மடைகளில் நீர் சில நிமிடங்களில் கடந்துவிட, இந்த மடையில் மட்டும் மணிக்கணக்கில் தேங்கிற்று.

தேங்கினால் ஒருவர் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். நெல் அவிக்கும் அண்டாவின் அருகே அமர்ந்திருப்பவள் அடிக்கடி மூடியைத் தூக்கிப் பார்ப்பதுபோல, பொறியியலாளர் ஒருவர் திரையை எட்டி எட்டிப் பார்ப்பார். இது மனிதனுக்கு ஏற்ற வேலை அன்று என்பதே என் திடமான கருத்து. ஒன்றும் நிகழாத ஒன்றை ஓயாமல் பார்க்கும் ஆற்றல் நம் கண்ணுக்கு இல்லை. ஆகவே அந்தக் காத்திருப்பை இயந்திரத்தினிடம் விட்டது நியாயமே.

இயந்திரம் அதை இரண்டு விதமாகச் செய்கிறது. தபால் வந்ததா என்று நாமே அஞ்சல் நிலையத்துக்குப் போய்க் கேட்பது ஒரு விதம். அரை நிமிடத்துக்கு ஒரு தடவை கேட்டால் ஆறு மணி நேரச் சோதனைக்கு 720 தடவை கேட்க நேரும். ஆதலால் முதலில் ஒரு நிமிடம், பிறகு இரண்டு, நான்கு, எட்டு என்று இடைவெளியை விரித்துக்கொண்டே போவார்கள். தபால்காரர் வீட்டுக்கே வந்து கொடுப்பதுபோல, சோதனை முடிந்ததும் அதுவே செய்தி அனுப்புவது மற்றொரு விதம். இரண்டாவது சிக்கனமானது. ஆனால் தபால்காரர் வழியில் மயங்கி விழுந்தால்? கடிதம் வரவில்லை என்பதைக் கடிதமே இல்லை என்று நாம் எண்ணிக்கொள்வோம். அதனால்தான் தேர்ந்தவர்கள் ஒரு கெடுவையும் சேர்த்து வைக்கிறார்கள். இத்தனை மணிக்குள் செய்தி வராவிட்டால் அபாய மணி ஒலிக்கட்டும் என்பது அது. சோதனை நடக்கும்போதே குறித்த இடைவெளியில் ‘நான் உயிரோடு இருக்கிறேன்’ என்று ஒரு சிறு குறிப்பை அனுப்பச் செய்வதும் உண்டு. அதற்கு இதயத்துடிப்பு என்று பெயரிட்டிருக்கிறார்கள். சேகண்டி அடித்த சேவகன் செய்ததும் இதுதான் அன்றோ?

கெடுவிலும் ஒரு கண்ணி இருக்கிறது. ‘கிட்ஹப்’ நிறுவனத்தின் வாய்க்கால், வேறு கட்டளை இல்லாவிட்டால் ஒரு வேலையை ஆறு மணி நேரத்தில் வெட்டிவிடும். ‘கிட்லேப்’ ஒரு மணி நேரத்தில் வெட்டும். இடையில் வெட்டுண்ட சோதனையை முடிந்த சோதனையாக எண்ணினால் என்ன ஆகும்? கருவி பாதியில் இறந்தது, தொடங்கவே இல்லை, தொடங்கியும் ஒரு கோப்பைக்கூடத் திறக்கவில்லை என்று பல நிலைகள் உண்டு. இவை எல்லாவற்றிலும் அறிக்கையில் வரும் எண் ஒன்றே: கண்ட குற்றம் பூஜ்யம். உண்மையிலேயே தூய்மையான நிரலுக்கும் அதே பூஜ்யந்தான். தலைமையாசிரியனாக இருந்தவனுக்கு இது புதிதன்று. தேர்வு எழுதியவர் ஒருவரும் இல்லாத பள்ளியில் தோல்வியுற்றவரும் இருக்கமாட்டார்கள். ஆகையால் எத்தனை பேர் தோற்றார்கள் என்று கேட்பதற்கு முன், எத்தனை பேர் எழுதினார்கள் என்று கேட்க வேண்டும். எத்தனை கோப்புகளை, எத்தனை வாயில்களைச் சோதித்தாய் என்ற கேள்வி, எத்தனை ஓட்டை கண்டாய் என்ற கேள்விக்கு முன்னால் வர வேண்டும்.

இதெல்லாம் வெறும் நுணுக்கம் என்று தோன்றுகிறதா? நடந்ததைக் கேளுங்கள்.

‘டார்கெட்’ என்பது அமெரிக்காவின் பெருங்கடை நிறுவனங்களுள் ஒன்று. அதன் கணிப்பொறிகளை இரவு பகலாகக் கண்காணித்தவர்களுள் நம் பெங்களூரில் அமர்ந்திருந்த குழுவினரும் இருந்தார்கள். 2013 நவம்பர் 30ஆம் தேதி, 16 லட்சம் டாலர் செலவில் நிறுவிய கண்காணிப்புக் கருவி அபாயக் குறி காட்டியது. கடைகளின் பணப்பெட்டிகளில் புகுந்திருந்த திருட்டு நிரல், திரட்டிய விவரங்களை வெளியே அனுப்புவதற்கான வழியை அப்பொழுதுதான் அமைத்துக்கொண்டிருந்தது. பெங்களூர்க் குழு அதனைக் கண்டு, தலைமையகமாகிய மினியாபொலிசுக்கு அறிவித்தது. மினியாபொலிசில் எவரும் அசையவில்லை. அந்தக் கருவிக்குத் தீய நிரலைத் தானே அழிக்கும் ஆற்றலும் இருந்தது. அதனை நிறுவனத்தார் அணைத்து வைத்திருந்தனர் என்று பின்னர்ப் பத்திரிகைகள் எழுதின. டிசம்பர் 12ஆம் தேதி அமெரிக்க நீதித்துறை வந்து சொன்ன பிறகே நிறுவனம் விழித்துக்கொண்டது. நான்கு கோடி வங்கி அட்டைகளின் எண்கள் போயின. ஏழு கோடி வாடிக்கையாளர் வரையில் சொந்த விவரங்களும் போயின. மறு ஆண்டு மே மாதத்தில் தலைமை அதிகாரி பதவி விலகினார்.

பெங்களூர்ப் பிள்ளைகள் தம் கடமையைச் செய்தார்கள் என்பதை நான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். முளை துருத்திக்கொண்டு நின்றது. அதைப் பார்த்தவர் குரலும் கொடுத்தார். நாள்தோறும் நூற்றுக்கணக்கான குறிகள் வந்து குவியும் இடத்தில் ஒரு குரலுக்கு என்ன மதிப்பு என்பதே அங்கே எழுந்த கேள்வி. ஓயாமல் மணி அடிக்கும் கோயிலில் தீவிபத்துக்கு மணி அடித்தால் யார் ஓடி வருவார்கள்? சோதனையைத் தானியங்கச் செய்வோர், எந்தக் குறிக்கு வாய்க்கால் தானே அடைபட வேண்டும், எந்தக் குறிக்கு ஓர் ஆளை எழுப்ப வேண்டும் என்பதை முன்கூட்டியே தீர்மானிக்காவிட்டால், அவர்கள் செய்தது இன்னும் ஒரு மணியைக் கட்டியதுதான்.

அடுத்தது, மௌனத்தால் விளைந்த கேடு. ‘ஈக்விபேக்ஸ்’ என்பது அமெரிக்க மக்களின் கடன் வரலாற்றைத் தொகுத்து வைக்கும் நிறுவனம். 2017 மார்ச் 7ஆம் தேதி ‘அப்பாச்சி ஸ்ட்ரட்ஸ்’ என்ற மென்பொருளில் பெரிய ஓட்டை இருப்பது உலகுக்கு அறிவிக்கப்பட்டது. மறுநாளே அரசு எச்சரித்தது. 9ஆம் தேதி நிறுவனத்துக்குள் சுற்றறிக்கை போயிற்று. ஆனால் சுற்றறிக்கை பெறுவோர் பட்டியல் பழையது. ஓட்டையை அடைக்க வேண்டியவர்க்கே அது போய்ச் சேரவில்லை. 15ஆம் தேதி ஸ்கேன் நடந்தது. பழுதுள்ள இடம் கிளை அடைவில் இருக்க, கருவி மேல் அடைவை மட்டும் பார்த்துவிட்டு, ஒன்றும் இல்லை என்றது. நான் முன்பு சொன்ன பூஜ்யம் இதுதான்! மே 13இல் நுழைந்த கள்வர் 76 நாள்கள் உள்ளே உலவினார்கள். சுமார் 14 கோடியே 80 லட்சம் மக்களின் விவரங்கள் திருடுபோயின.

அந்த 76 நாள்களும் கண்காணிப்புக் கருவி என்ன செய்துகொண்டிருந்தது? போக்குவரத்தைப் பிரித்துப் பார்க்கும் ஒரு கருவி இருக்கத்தான் இருந்தது. அதற்கு வேண்டிய மின்சான்றிதழ் காலாவதியாகி 19 மாதங்கள் ஆகியிருந்தன. சான்றிதழ் இன்றி அது எதையும் பிரிக்காமல் எல்லாவற்றையும் அப்படியே வெளியே விட்டுக்கொண்டிருந்தது. குறை எதுவும் கூறவில்லை. ஜூலை 29இல் யாரோ சான்றிதழைப் புதுப்பித்தார்கள். புதுப்பித்தவுடன் ஐயத்துக்குரிய போக்குவரத்து கண்ணில் பட்டது. பத்தொன்பது மாத மௌனத்தை ஒருவரும் எண்ணவில்லை. ஈக்விபேக்ஸ் 2019இல் செய்துகொண்ட உடன்பாட்டின்படி இழக்க நேர்ந்த தொகை 70 கோடி டாலர் வரையில் என்று கணக்கிட்டார்கள்.

நம் மாநிலத்திலும் ஒரு நிகழ்ச்சி உண்டு. 2019 செப்டம்பர் 4ஆம் தேதி, இந்தியக் கணிப்பொறி அவசரநிலைக் குழுவாகிய ‘செர்ட்-இன்’, கூடங்குளம் அணுமின் நிலையத்தின் கணிப்பொறி ஒன்றில் தீய நிரல் இருப்பதைக் கண்டு தெரிவித்தது. அக்டோபர் 29இல் நிலையத்திலிருந்து மறுப்பு வந்தது. மறுநாளே இந்திய அணுமின் கழகம் அது உண்மை என்று அறிவித்தது. நிர்வாக அலுவலுக்கான வலைப்பின்னலில் இருந்த கணிப்பொறி அது; அணு உலைக் கட்டுப்பாட்டு அமைப்பு அதனோடு தொடர்பற்றது என்பதையும் கழகம் தெளிவாக்கியது. பின்னர் 2022 ஏப்ரலில் அதே குழு, இத்தகைய நிகழ்ச்சிகளை ஆறு மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும், கணிப்பொறிப் பதிவுகளை 180 நாள்கள் பாதுகாக்க வேண்டும் என்று நாடெங்கும் கட்டளையிட்டது. பியூர்க்கின் தாள் வட்டைப் பரணில் போடாதே, எடுத்துக் காட்டும் நிலையில் வை என்பதே அந்தக் கட்டளையின் பொருள்.

இறுதியாக, என்னை மிகவும் சிந்திக்க வைத்த ஒன்றைக் கூறுகிறேன். 2014இல் ‘ஹார்ட்பிளீட்’ என்னும் பெரும் ஓட்டை வெளிப்பட்டபின், பொதுமக்கள் எவரும் எடுத்தாளக்கூடிய நிரல்களைக் காக்க வேண்டும் என்ற கவலை பிறந்தது. 2016இல் கூகுள் நிறுவனம், அத்தகைய நிரல்களின்மீது மில்லர் முறைச் சோதனையை இடைவிடாமல் நடத்தும் ஏற்பாட்டைத் தொடங்கிற்று. ‘ஓஎஸ்எஸ்-ஃபஸ்’ என்பது அதன் பெயர். மனிதன் அருகே அமராமலே இரவும் பகலும் சோதனை நடக்கும். பழுது கண்டால் உரியவர்க்குத் தானே கடிதம் எழுதும். அருமையான ஏற்பாடு. அதன் காவலில் இருந்த நிரல்களுள் ஒன்று ‘எக்ஸ்இசட்’. கோப்புகளைச் சுருக்கி வைக்கும் சிறு கருவி. ஆயினும் எண்ணற்ற கணிப்பொறிகளில் இருப்பது.

‘ஜியா டான்’ என்ற பெயரில் ஒருவர் அந்த நிரலுக்கு ஆண்டுக்கணக்கில் தொண்டு செய்து, பராமரிப்பவரின் நம்பிக்கையைப் பெற்றார். அவர் யார் என்பது இன்னும் வெளிப்படவில்லை. 2023 ஜூலையில் அவர் ஓஎஸ்எஸ்-ஃபஸ் ஏற்பாட்டாருக்கு ஒரு விண்ணப்பம் செய்தார். நிரலின் குறித்த ஒரு பகுதியை அணைத்துவிட்டுச் சோதிக்க வேண்டும் என்பது விண்ணப்பம், காரணமும் பொருத்தமாகவே தோன்றிற்று, ஏற்றுக்கொண்டார்கள். காவலன் வழக்கம்போல் சுற்றினான், சாவியைத் திருப்பினான், தாளில் அடையாளமும் பதிந்தது. ஒரு மூலையை மட்டும் பாராதே என்று யாரோ அவனிடம் சொல்லி வைத்திருந்தார்கள். அடுத்த ஆண்டின் தொடக்கத்தில் 5.6.0, 5.6.1 என்னும் பதிப்புகளில் கள்ளவாசல் ஒன்று அந்தப் பகுதியின் துணைகொண்டே ஏறிக்கொண்டது.

அதனைக் கண்டுபிடித்தது எந்தச் சோதனைக் கருவியும் அன்று. ஆண்ட்ரெஸ் பிராய்ண்ட் என்ற பொறியியலாளர், ‘போஸ்ட்கிரெஸ்’ என்னும் தரவுத்தளத்தின் வேகத்தை அளந்துகொண்டிருந்தார். தொலைவிலிருந்து கணிப்பொறிக்குள் நுழைவதற்கு வழக்கத்தைவிட ஏறத்தாழ அரை நொடி கூடுதலாக ஆவது அவர் கவனத்தில் பட்டது. அரை நொடி! மற்றவர் எவரும் பொருட்படுத்தியிருக்கமாட்டார்கள். சில வாரங்களுக்கு முன்பு வேறொரு கருவி காட்டிய சிறு பிழைக்குறிப்பும் அவர் நினைவுக்கு வந்தது. இரண்டையும் இணைத்துத் துருவிக்கொண்டே சென்று, 2024 மார்ச் 29ஆம் தேதி உலகுக்கு அறிவித்தார். பழுதான பதிப்புகள் அப்பொழுது பெரும்பாலும் சோதனை நிலையிலிருந்த அமைப்புகளை மட்டுமே எட்டியிருந்தன. பொதுப் புழக்கத்துக்குப் பரவுவதற்கு முன் சில நாள்களுக்குள் அவை திரும்பப் பெறப்பட்டன.